மூன்றாம் லாரியின் சாவி

சித்தி தலையைக் குனிந்துகொண்டு மணையில் உட்கார்ந்திருந்தாள். நான் குவளையில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் தலையிலிருந்து வழிந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் குளியலறைத் தரையில் ஓடியது. அந்த வீட்டுக்கு நான் வந்து சேர்ந்த முதல் வாரம் அது. அப்போதுதான் கேட்டேன்.

“உள்ள பயமா இருக்காதா சித்தி?”

“உள்ள என்ன பயம்? இருட்டு, சூடு, தூசி. அவ்வளவுதான். பயமெல்லாம் வெளியிலதான்.”

“வெளியில யாரு இருக்கா?”

“லாரி டிரைவர். நான் உள்ள இருக்கிறது தெரியாம எவனாவது வண்டிய ஸ்டார்ட் பண்ணி டிரம்ம சுத்தவிட்டா என்ன ஆகும்? வாஷிங் மிஷின்ல துணி சுத்துறத பாத்திருக்கல்ல? துணியோட நாலு பாறாங்கல்லையும் போட்டுச் சுத்துனா எப்படி இருக்கும்?”

என் கை நின்றுவிட்டது.

“தண்ணிய ஊத்துடி, கண்ணு எரியுது.”

ஊற்றினேன். “அப்ப என்ன பண்ணுவீங்க?”

“சாவிய வாங்கிக் கழுத்துல மாட்டிக்குவேன். சாவி கைக்கு வராம உள்ள கால வைக்கிறதே இல்ல. டிரைவர் உருவிக் குடுப்பான், நான் கயித்துல கோத்துக்குவேன். அப்புறம் அவன் டீ குடிக்கப் போகட்டும், தூங்கப் போகட்டும், ஊரச் சுத்தப் போகட்டும். வண்டி நகராது.”

“மாத்துச் சாவி இருக்குமே?”

“இருக்கு. ஆபீஸ்ல ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள. அந்தப் பெட்டிக்குச் சாவி இன்ஜினியர்கிட்ட. அவரு அத எங்க வெச்சாருன்னு அவருக்கே தெரியாது. அதவிடப் பத்திரமான எடம் வேற ஏது?”

“அப்ப பயமே இல்லையா?”

சித்தி கண்ணை மூடியபடி காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சுத்தியல ஓங்கிப் போடுறப்ப எல்லாம் சாவி நெஞ்சுல வந்து இடிக்கும். அது இடிச்சுக்கிட்டு இருக்குற வரைக்கும் பயமில்ல,” என்றாள். “அந்த சோப்ப எடு.”

சித்தி என் அம்மாவின் தங்கை. பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் அவளுக்கு வேலை. கலவையை வெளியிலிருந்து வாங்காமல், அங்கேயே லாரிகள் நிற்கும் யார்டில் ஒரு பிளான்ட் போட்டிருந்தார்கள். மணலும் ஜல்லியும் சிமெண்டும் தண்ணீரும் அதிலிருந்து லாரியின் முதுகில் இருக்கும் டிரம்முக்குள் விழும். டிரம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கலவை இறுகத் தொடங்கிவிடும். எவ்வளவுதான் கழுவினாலும் ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது காயும், காய்ந்ததன் மேல் மறுநாள் இன்னும் கொஞ்சம் ஒட்டும். நாளடைவில் உள்சுவரெல்லாம் கல்லாகிவிடும். அப்போது ஒரு ஆள் உள்ளே போய் அதைக் கொத்தி எடுக்க வேண்டும். டிரம்மின் பக்கவாட்டில் அதற்கென்றே ஒரு சின்னத் திறப்பு உண்டு. நட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தால், ஒல்லியான ஒருவர் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையலாம்.

முதலில் நுழைந்துகொண்டிருந்தவர் சித்தப்பா. இரும்பு டிரம்முக்குள் உட்கார்ந்து வருடக்கணக்காகக் கல்லை அடித்ததில் அவர் காது போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் கொஞ்சம் கேட்கும். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். அந்தக் கதையைச் சித்தி சொல்லும்போது அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் சொல்வாள்.

“உன் சித்தப்பாவுக்கு மொதல்ல காது போச்சு, அப்புறம் தொப்பை வந்துச்சு. காது போனதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. தொப்பை ஓட்டையில மாட்டுச்சு பாரு, அன்னைக்குத்தான் யார்டே கூடிடுச்சு. பாதி உள்ள, பாதி வெளிய. ஒருத்தன் எண்ணெய் ஊத்துங்கறான், ஒருத்தன் மூச்ச விடச் சொல்லுங்கறான். மூச்ச விடச் சொன்னா இவருக்குக் கேட்டாத்தானே?”

சித்தப்பா அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே, “கேட்டுச்சு. மூச்சுதான் வரல,” என்பார்.

அன்று யார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த சித்தி, துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவரைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள். பிறகு உளியை வாங்கிக்கொண்டு தானே உள்ளே போனாள். அதிலிருந்து அவள்தான் உள்ளாள், அவர்தான் வெளியாள்.

வெளியாளுக்கும் வேலை உண்டு. சித்தப்பா ஏணியில் ஏறி, திறப்புக்குப் பக்கத்தில் டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். அவர் கேட்பது அந்தக் கையால்தான். உளி விழுகிற அதிர்வு ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். மூன்று தட்டு தட்டி நிறுத்தினால் கொத்திய கல்லை அள்ளும் கூடை நிறைந்துவிட்டது என்று பொருள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். கல் மெலிந்து இரும்பு நெருங்கும்போது அதிர்வு கூர்மையாகும் என்பார். இரும்பில் வெறும் சுத்தியலை அடிப்பதற்குச் சித்திக்கு மனசே வராது. டிரம் நசுங்கினால் அந்த இடத்தில் மறுபடி கலவை பிடிக்கும், மறுபடி அவள்தான் கொத்த வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறது என்று வெளியே அறிவிப்பு எதுவும் கிடையாது. வேறு இடங்களில் பலகை மாட்டுவார்கள், சிவப்புத் துணி கட்டுவார்கள், பூட்டுப் போடுவார்கள். எங்கள் யார்டில் இதெல்லாம் யாருக்கும் தோன்றியதில்லை. சாவிதான் உள்ளே போய்விடுகிறதே. சித்தப்பா காலத்திலிருந்தே அது ஒருமுறைகூடத் தவறியதில்லை என்பதால் எல்லோருக்கும் அது மனப்பாடம். சாவி இருந்தால் உள்ளே ஆள் இல்லை. ஆள் இருந்தால் சாவி இருக்காது.

நான் இரண்டு மொழிகளில் படித்தவள் என்பதால் எனக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. யார்டு ஆட்கள் பேசுவது ஒரு மொழி, கட்டடத்தின் மேல்தளத்தில் கலவையேற்றும் பம்ப்பை நடத்துகிறவர்களும் இன்ஜினியரும் பேசுவது இன்னொன்று. நடுவில் ஆபீஸில் உட்கார்ந்து, வாக்கி டாக்கியில் வருவதைக் கேட்டு, தேவைப்பட்டால் மாற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தேவைப்படாது. மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து பிளான்ட்டை இயக்குகிறவருக்கு இரண்டு மொழியும் அரைகுறையாகத் தெரியும். எல்லோரும் அவரைக் கூண்டுக்காரர் என்பார்கள். அவரே கத்திக் காரியத்தை முடித்துவிடுவார். என் மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு பலகை, அதில் சாவி மாட்ட வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணிக்கும் மேலே லாரியின் எண். நாள் முழுவதும் என் கண் அந்தப் பலகையில்தான் இருக்கும்.

நான் சொல்லவந்த நாளுக்கு முந்தின வாரம் பம்ப் அடைத்துக்கொண்டது. கலவையோடு போன மூன்றாம் லாரி வெயிலில் காத்து நின்றதில், கொட்ட முடிந்தது போக மிச்சம் உள்ளேயே இறுகிவிட்டது. சித்தி சில நாட்களாக அதைத்தான் கொத்திக்கொண்டிருந்தாள். எப்போதும் தலைக்கு மேலே இருப்பதை முதலில் கொத்திவிட வேண்டும் என்பது அவள் முறை. இல்லாவிட்டால் கீழே அடிக்கிற அதிர்வில் மேலே இருப்பது கழன்று மண்டையில் விழும். ஆனால் இந்த முறை மேலே இருந்தது ஒரு ஆள் அகலத்துக்குப் பலகை போலப் பிடித்திருந்தது. முந்தின நாள் அதன் ஓரங்களை வெட்டிவிட்டிருந்தாள்.

“நாளைக்கு அத இறக்கிடுவேன்,” என்று அன்றிரவு சாப்பிடும்போது சொன்னாள். “இப்ப ஒரு முள்ளுலதான் தொங்குது.”

மறுநாள் காலையிலிருந்தே மேலே தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடுகிற லாரிகள் எல்லாம் நடையில் இருந்தன. யார்டில் நின்றவை இரண்டும் மூன்றும் மட்டும். இரண்டாம் லாரியை ஓட்டுகிறவர் பாட்டுக்காரர். வாயில் எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டு ஓடும். அவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாம் லாரியின் டிரைவர் நெட்டை. மணல் வண்டி வருவதற்கு இடம் வேண்டும் என்று கூண்டுக்காரர் சொன்னதால், நெட்டையே இரண்டு லாரிகளையும் நகர்த்தி, கழுவும் இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு சாவியும் அவருடைய ஒரே சட்டைப் பையில் இருந்தன. இரண்டும் ஒரே கம்பெனிச் சாவி. அவற்றில் தொங்கும் பிளாஸ்டிக் வில்லைகளில் ஒரு காலத்தில் எண் இருந்தது. சிமெண்டுக் கை பட்டுப் பட்டு எப்போதோ அழிந்துவிட்டது.

சித்தி வழக்கம்போல ஏணியடியில் நின்று கையை நீட்டினாள்.

“இந்தாங்கக்கா, உங்க நகை,” என்று சொல்லி நெட்டை ஒன்றைக் கொடுத்தார்.

“நகை போட்டா மட்டும் போதுமா? டீ வாங்கித் தரமாட்டியா?”

“மொதல்ல கல்லை இறக்குங்க. பெறகு டீ என்ன, பன்னே வாங்கித் தரேன்.”

இன்னொன்றைக் கொண்டுவந்து ஆபீஸ் பலகையில் இரண்டாம் எண் ஆணியில் மாட்டிவிட்டு அவர் சாப்பிடப் போனார். மூன்றாம் எண் ஆணி காலியாக இருந்தது. எல்லாம் எப்போதும் இருப்பதுபோலவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பாட்டுக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார், மெட்டு நிற்காமலே இரண்டாம் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் வாக்கி டாக்கியில் அவர் குரல் வந்தது.

“அண்ணே, ரெண்டாவது வண்டிக்கு இந்தச் சாவி சேரல. உள்ள போகுது, திரும்பமாட்டேங்குது.”

கூண்டுக்காரர் எரிந்து விழுந்தார். “மேல பம்ப் நிக்குது, நீ சாவி கத சொல்றியா? அந்த நெட்டை மாத்தி மாட்டியிருப்பான். பக்கத்து வண்டியில போட்டுப் பாரு. எது ஸ்டார்ட் ஆகுதோ அத எடுத்துட்டு வா.”

“சரிண்ணே.”

நான் பலகையைப் பார்த்தேன். மூன்றாம் ஆணி காலி. பாட்டுக்காரர் கையில் இருப்பது மூன்றாம் லாரியின் சாவி என்றால், சித்தியின் கழுத்தில் இருப்பது எது?

வாக்கி டாக்கியை எடுத்து அழுத்தினேன். மேல்தளத்திலிருந்து பம்ப் ஆள் இன்னொரு மொழியில் நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கருவியில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குரல் போகாது. நான் சொன்னது என் அறையைத் தாண்டவில்லை. அதை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன்.

ஆபீஸுக்கும் கழுவும் இடத்துக்கும் நடுவில் ஜல்லி மேடு. பிளான்ட்டின் இரைச்சலில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மேட்டின் ஓரத்தைச் சுற்றியபோது, மூன்றாம் லாரியின் கேபின் கதவைப் பாட்டுக்காரர் இழுத்துச் சாத்துவது தெரிந்தது. அவர் ஏறியது வலது பக்கம். ஏணியும் திறப்பும் சித்தப்பாவும் இடது பக்கம். முந்தின சில நாட்களும் பாட்டுக்காரர் விடுப்பில் இருந்தவர். எந்த வண்டியில் கொத்து நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் யாருக்கும் தோன்றியிருக்காது. சாவியைப் போட்டார், திரும்பியது. சாவி திரும்பினால் உள்ளே ஆள் இல்லை. அவர் பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னதும் அதைத்தான்: “சாவி திரும்புச்சேக்கா. திரும்புனதால யாருமில்லன்னு நெனச்சேன்.”

உள்ளே நடந்ததைச் சித்தி பிறகு சொன்னாள். கேபின் கதவு சாத்தியது அவளுக்குத் தெரிந்தது. இரும்பு வழியாக எல்லாமே தெரியும். யாரோ எதையோ எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அடுத்து ஒரு கீச்சுச் சத்தம். நின்ற லாரியில் சாவியைத் திருப்பினால், பிரேக்குக்குக் காற்று போதவில்லை என்று கத்துமே, அந்தச் சத்தம். அவள் கழுத்திலிருந்த சாவியைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

“சாவி கையில இருக்கு. வண்டி கத்துது. எனக்கு ஒண்ணும் புரியல பாப்பா. கனவு காணறேனோன்னு நெனச்சேன்.”

டிரம்மின் கோடி அவள் இருந்த இடம். திறப்புக்கு வர வேண்டுமென்றால் உள்ளே சுருளாக ஓடுகிற தகடுகளைத் தாண்டிக் குனிந்து குனிந்து வர வேண்டும். தலைக்கு மேலே ஒரு முள்ளில் தொங்கும் கல். கத்தினால் புருஷனுக்குக் கேட்காது. இந்த மாதிரி நேரத்துக்கு என்று அவர்களுக்குள் ஒரு தட்டு கிடையாது, ஏனென்றால் இந்த மாதிரி நேரம் வரவே வராது என்று இருந்தார்கள். அவள் உளியைக் கீழே போட்டாள். வெறும் சுத்தியலால் இரும்பிலேயே அடித்தாள், கணக்கில்லாமல்.

ஏணியில் நின்ற சித்தப்பாவின் உள்ளங்கையில் அது சுளீரென்று ஏறியது. இவள் இரும்பை அடிக்க மாட்டாளே என்று திறப்புக்குள் எட்டிப் பார்க்கப்போன அதே நேரம், அந்த அடிகளுக்கு அடியில் வேறொரு நடுக்கம் எழுந்தது. இன்ஜின்.

அவர் கேபின் பக்கம் ஓடவில்லை. ஏணியிலிருந்து குதித்து லாரியின் பின்புறம் ஓடினார். டிரம்மைச் சுற்றவிடும் லீவர் கேபினில் ஒன்று இருக்கும், பின்னால் ஒன்று இருக்கும். அந்தப் பழைய லாரியில் இரண்டையும் ஒரே கம்பி இணைத்திருந்தது; ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். கலவை லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். ஏறியதும் காற்று நிறையும்வரை காத்திருக்கிற நேரத்தில், காலி வண்டியாக இருந்தாலும் டிரம்மை மெதுவாகச் சுற்றவிட்டுவிடுவார்கள். கை தானாகப் போகும். சித்தப்பா பின்னால் இருந்த லீவரை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சை அதன் மேல் சாய்த்து, நிறுத்தும் நிலையிலேயே அழுத்திக்கொண்டார்.

பாட்டுக்காரர் முன்னால் இருந்ததை இழுத்தார். வரவில்லை.

நான் லாரியை நெருங்கியபோது பார்த்தது இதைத்தான். முன்னால் கண்ணாடி வழியாக, உதட்டில் மெட்டோடு ஒரு மனிதர் ஒரு கம்பியை இழுக்கிறார். பின்னால், கழுத்து நரம்பெல்லாம் புடைக்க இன்னொரு மனிதர் அதே கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார். இருவருக்கும் நடுவில் டிரம். பாட்டுக்காரர் லீவர் துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்தார். எழுந்து நின்று, காலை எங்கோ ஊன்றிக்கொண்டு, பலமாக ஒரு இழுப்பு இழுத்தார். சித்தப்பாவின் கால் சறுக்கியது.

டிரம் அசைந்தது. ஒரு சாண் இருக்கும். உள்ளே ஏதோ பெரிதாக விழுந்த சத்தம் பிளான்ட் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

சித்தப்பா சறுக்கிய காலை டயரில் உதைத்து, மறுபடி லீவரின் மேல் விழுந்தார். டிரம் நின்றது. சுத்தியல் சத்தமும் நின்றுவிட்டது.

பாட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். “எவன்டா அது பின்னாடி லீவர...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, பேச்சை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“அணை,” என்றார் சித்தப்பா. அவருக்குத் தன் குரல் எவ்வளவு என்று தெரியாது. அன்று அது மிகவும் மெதுவாக வந்தது. “மொதல்ல அணை.”

பாட்டுக்காரர் விழுந்தடித்து மேலே ஏறி அணைத்தார். நான் ஏணியில் ஏறித் திறப்பருகே முகத்தை வைத்தேன். உள்ளேயிருந்து தூசி புகைபோல வந்துகொண்டிருந்தது. அவள் கொண்டுபோயிருந்த கைவிளக்கு அணைந்துபோயிருந்தது.

“சித்தி.”

இன்னொரு முறை கூப்பிட்டேன்.

உள்ளே இருமல் கேட்டது. “கத்தாதடி. வரேன்,” என்றாள்.

அவள் வர நேரமானது. முதலில் ஒரு கை வெளியே வந்தது, பிறகு சாம்பல் பூசிய தலை. தொங்கிக்கொண்டிருந்த கல் அவள் நின்ற இடத்திலேயே விழுந்து உடைந்திருந்தது. டிரம் அசைந்ததில் அவள் சறுக்கி விழுந்ததுதான் நல்லதாயிற்று. சுத்தியலின் காம்பு கல்லுக்கு அடியில் போய்விட்டது. முழங்கை தோலுரிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஏணியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். யார்டே கூடிவிட்டது. நெட்டையும் டீக் கிளாஸோடு ஓடிவந்து நின்றார். சித்தி கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, சாவியை அவர் பக்கம் நீட்டினாள்.

“இது யாரோட நகைப்பா?”

நெட்டை அதை வாங்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

சித்தி திரும்பிப் பார்த்தாள். “அவரு எங்க?”

சித்தப்பா லீவரை இன்னும் விடவில்லை. இன்ஜின் நின்றதை அவர் நெஞ்சு உணர்ந்திருக்கும், ஆனால் கை நம்பவில்லை. சித்தி போய் அவர் முகத்துக்கு நேரே நின்றாள். அவள் உதட்டைப் பார்க்காமல் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“விடுங்க. வந்துட்டேன்.”

“வரல,” என்றார். “விரலு வரல.”

அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். எடுக்கும்போது, “தொப்பை இருந்ததால லீவரு நின்னுச்சு. இனிமே அதக் கொறை சொல்லமாட்டேன்,” என்றாள். அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

இன்ஜினியர் வந்து விசாரித்தார். நான் நடுவில் நின்று அவர் கேட்டதைத் தமிழிலும், இவர்கள் சொன்னதை அவர் மொழியிலும் சொன்னேன். ஏன் பலகை மாட்டவில்லை, ஏன் கொடி கட்டவில்லை, ஏன் பேட்டரியைத் துண்டிக்கவில்லை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சித்தி ஒரே பதில்தான் சொன்னாள்: “சாவி இருந்துச்சே.” அதை மூன்று தடவை அவர் மொழியில் சொன்னேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் பேனாவை மூடிவிட்டார். தன் மேசை இழுப்பறைகளை எல்லாம் கவிழ்த்து அந்த இரும்புப் பெட்டியின் சாவியை அன்றுதான் தேடிக் கண்டுபிடித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சமையல் நான்தான். சித்தப்பாவின் விரல்கள் வீங்கியிருந்தன. சித்தி அவருக்கு ஊட்டிவிட்டாள். அவர் இரண்டு வாய் வாங்கிக்கொண்டு போதும் என்றார்.

“வேணாம்,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. சாப்பாட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். “நீ இனிமே உள்ள போக வேணாம். நான் ஒடம்பக் கொறைக்கிறேன். நான் போறேன்.”

“உள்ள என்ன நடக்குதுன்னு உங்க கைக்குத் தெரியும். எனக்கு உங்க கை மாதிரி ஒண்ணு இருக்கா? நீங்க உள்ள போயிட்டா வெளிய நான் என்னத்தத் தெரிஞ்சுக்குவேன்?”

“அப்ப ரெண்டு பேருமே வேணாம்.”

“பாதிதான் கொத்தியிருக்கு. அத யாரு எடுப்பா?”

“எவனோ எடுக்கட்டும்.”

“எவனோ வருவான். அவனுக்கும் நெட்டைதான் சாவி குடுப்பான்,” என்றாள் சித்தி.

அந்த வீட்டில் சண்டை என்றால் சத்தம் இருக்கும். அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அவள் கத்துவாள். அன்று கத்தவில்லை. தட்டுகளைக் கழுவும்போது அவள் கை அடிக்கடி நெஞ்சுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

சில நாள் வேலை நின்றது. பலகை வந்தது, இரண்டு மொழியிலும் எழுதி. பேட்டரியைத் துண்டித்துப் பூட்ட ஒரு பூட்டு வந்தது. சாவிகளுக்குப் புதிய வில்லைகள் வந்தன, தகரத்தில் எண் வெட்டி. நெட்டை தினமும் காலையில் வந்து சித்திக்கு முன்னால் நிற்பார், அப்புறம் போய்விடுவார். ஒரு நாள் பன் வாங்கி வந்தார். சித்தி வாங்கிக்கொண்டு, பாதியைப் பிய்த்து அவரிடமே கொடுத்தாள். பாட்டுக்காரரின் வாய் அடங்கிவிட்டது. அதுதான் யார்டில் எல்லோருக்கும் உறுத்தலாக இருந்தது.

மூன்றாம் லாரி கழுவும் இடத்திலேயே நின்றது. அதன் வயிற்றில் பாதிக் கல். மறுபடி உள்ளே போக வேண்டிய நாளில் சித்தி ஏணியடிக்கு வந்தாள். இன்ஜினியரும் மற்ற ஆட்களும் கூடி நின்றார்கள். பலகை தொங்கியது. பேட்டரி இன்னும் பூட்டப்படவில்லை; பூட்டு சித்தப்பா கையில் இருந்தது. விரல்களில் துணி சுற்றியிருந்தார். இனி ஏணியில் அல்ல, பின்னால் லீவருக்குப் பக்கத்தில்தான் நிற்பேன் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்தும் டிரம்மில் கை எட்டும். நெட்டை சாவியை நீட்டினார். புதுத் தகரத்தில் மூன்று என்று பளபளத்தது.

சித்தி கையை நீட்டவில்லை. அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணியின் முதல் படியில் வைத்திருந்த காலை எடுத்துக் கீழே வைத்தாள்.

“மூணாவது வண்டிதான்கா. சத்தியமா,” என்றார் நெட்டை.

“தெரியுதுப்பா. எழுதியிருக்கு.”

“போக வேணாம்,” என்றார் சித்தப்பா பின்னாலிருந்து. அவர் இருவரின் உதட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கூட்டத்தைப் பார்த்தாள், இன்ஜினியரைப் பார்த்தாள், கடைசியில் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற என்னை. கை காட்டிக் கூப்பிட்டாள். போனேன். நெட்டையிடமிருந்து சாவியை வாங்கி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினாள்.

“நான் உள்ள போற ஒவ்வொரு தடவையும் நீ இத செய்யணும் பாப்பா,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “இத எடுத்துட்டுப் போயி இந்த வண்டியில நீயே ஏறு. போட்டுத் திருப்பு. இன்ஜின் ஓடணும், அத நான் இங்க நின்னு கேக்கணும். அப்புறம் அணை, உருவு, கீழ இறங்கு. வழியில யார் கேட்டாலும் குடுக்காத, பையில போடாத, கையிலயே பிடிச்சுக்க. நேரா எங்கிட்ட கொண்டாந்து, நீயே என் கழுத்துல மாட்டிவிடு. செய்வியா?”